நாய்ஸைக் கேட்ட மனுஷர்

சால்டரிங் அயர்ன் நுனியில தெரியாம விரலை வச்சிருக்கீங்களா? முதல்ல சுரீர்னு ஒரு வலி, கையை இழுத்துடுவீங்க. கொஞ்சம் கழிச்சுதான் எரிச்சல் வந்து சேரும். சூடு கம்மின்னா லேசா, அதிகம்னா உயிர் போற மாதிரி. இந்தக் 'கம்மி', 'அதிகம்' எல்லாம் நரம்பு வழியா எப்படிப் போகுது? வோல்டேஜ் கூடும்னுதான் நானும் நினைச்சேன். இல்லைன்னு காட்டினவர் எட்கர் ஏட்ரியன்.

1889-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த ஆசான் கீத் லூகாஸ், கருவிகள் செய்வதில் கில்லாடி. தசை இழை சுருங்கினா முழுசாச் சுருங்கும், இல்லன்னா சும்மா இருக்கும் என்று காட்டியவர். நரம்பும் அப்படித்தானா என்பதுதான் மாணவர் எடுத்துக்கிட்ட கேள்வி. அதுக்குள்ள முதல் உலகப் போர். விமானத் திசைகாட்டி வேலைக்குப் போன லூகாஸ், 1916-ல் நடுவானில் இரண்டு விமானங்கள் மோதி இறந்துபோனார்.

ஏட்ரியன் அப்போ டாக்டர். போர் அதிர்ச்சியில் பேச்சிழந்த, கை கால் அசையாத சிப்பாய்களுக்கு, இயலண்ட் என்ற மருத்துவரோடு சேர்ந்து மின்சாரம் பாய்ச்சி சிகிச்சை கொடுத்தார். நல்லா வலிக்கிற மின்சாரம். 1917-ல் அதைக் கட்டுரையாவும் வெளியிட்டாங்க. நோபல் வாங்கினவர்ங்கறதுக்காக இந்தப் பக்கத்தை நாம தாண்டிப் போக வேண்டாம்.

போர் முடிந்து லூகாஸின் ஆய்வகத்துக்கே திரும்பினார். வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்டி, 1925-ல் தவளைக் கால் நரம்பை மாட்டினால், தூண்டாமலே கோடு நடுங்குது! நாம என்ன செய்வோம்? லூஸ் கனெக்ஷன்னு கிரவுண்டைத் தேடுவோம். அவரும் கருவிக் கோளாறுன்னுதான் நினைச்சார். ஆனா காலைக் கண்ணாடித் தட்டில் கிடத்தினா நடுக்கம் நின்னுடுச்சு. தொங்கவிட்டா திரும்ப வந்தது. தொங்கும்போது தசை தன் எடையாலேயே இழுபடுது. அந்த இழுப்பைத்தான் நரம்பு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு.

பிறகு ஸ்வீடனிலிருந்து வந்த இங்வே சாட்டர்மனோடு, தசையைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, ஒரே ஒரு நரம்பிழை மட்டும் பேசும்படி செய்தார். எடை கட்டினாங்க. எடை கூடினப்போ துடிப்பின் உயரம் மாறல. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் கூடுச்சு. நம்ம பாஷைல, ஏஎம் கிடையாது, எஃப்எம்! எடையை அப்படியே விட்டா வேகம் மெல்லக் குறைஞ்சது. காலையில கட்டின வாட்ச் மத்தியானம் கையில இருக்கறதே தெரியலையே, அந்த மறதி நரம்பு முனையிலேயே தொடங்கிடுது.

1926-ல் பூனையின் தோலில் ஊசி குத்தி வலி நரம்புகளையும் கேட்டார். அங்கேயும் அதே மாதிரி துடிப்புதான். வலிக்குன்னு தனி வடிவம் இல்லை. எந்த இழை, என்ன வேகம், எத்தனை இழைகள் சேர்ந்து பேசுது, அவ்வளவுதான் தகவல். சுரீர் வலியைக் கொண்டுபோறது மெல்லிய உறை போட்ட இழை, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். எரிச்சலோடது உறையில்லாத இழை, நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். சால்டரிங் அயர்ன் கதை புரிஞ்சுதா?

1932-ல் ஷெரிங்டனோடு நோபல். 1942-ல் மலையேற்ற விபத்தில் அவர் மனைவி ஹெஸ்டர் ஒரு காலை இழந்தார். 1977-ல், 87 வயதில் ஏட்ரியன் காலமானார். துடிப்பை எண்ணக் கத்துக்கிட்டாச்சு. ஆனாலும் இன்னைக்கும் டாக்டர், பத்துக்கு எவ்வளவு வலிக்குதுன்னு நம்மகிட்டதான் கேட்கிறார்.