பாழ்நிலத்தை நாடாக்கிய தேர்வரசர்

ஜெர்மனியின் வடகிழக்கில் மணலும் சதுப்பும் காடும் நிறைந்த ஒரு சீமை இருந்தது. அதன் பெயர் பிராண்டன்பர்க். 1157ஆம் ஆண்டில் 'கரடி' என்னும் பட்டப்பெயர் கொண்ட ஆல்பர்ட் அதனைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். பேரரசின் எல்லையைக் காப்பதே அச்சீமையின் கடமை. இத்தகைய எல்லைச் சீமைகளை ஜெர்மானியர் 'மார்க்' என்று அழைத்தனர். 1415ஆம் ஆண்டில் பிராண்டன்பர்க், ஹோகன்சோலர்ன் மரபினரிடம் வந்து சேர்ந்தது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சில சிற்றரசர்களுக்கு மட்டுமே இருந்தது. அவர்களுள் ஒருவராக விளங்கியதால், பிராண்டன்பர்க்கின் ஆட்சியாளர் 'தேர்வரசர்' எனப்பட்டார்.

அம்மரபில் 1620ஆம் ஆண்டில் பிறந்தவர் பிரெடரிக் வில்லியம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் முப்பதாண்டுப் போர் மூண்டிருந்தது. போரின் அச்சத்தால் அவருடைய இளமையின் ஒரு பகுதி கோட்டைச் சுவர்களுக்குள்ளேயே கழிந்தது. பதினான்காம் வயதில் அவர் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, லைடன் நகரில் கல்வி கற்றார். அந்நாடும் சிறியதுதான், அதற்கும் போர் இருந்தது. ஆயினும், அங்கே கால்வாய்களில் சரக்குப் படகுகள் ஓடின, வணிகம் செழித்தது. பல சமயப் பிரிவினர் ஒரே நகரில் தொழில் செய்து வாழ்ந்தனர். இவை இளவரசரின் மனத்தில் ஆழப் பதிந்தன.

1640ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை காலமானார். இருபது வயதில் பிரெடரிக் வில்லியம் தேர்வரசரானார். அப்போது பிராண்டன்பர்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. போர், பசி, கொள்ளைநோய் ஆகிய மூன்றும் ஊர்களை வெறுமையாக்கியிருந்தன. சுவீடன் நாட்டுப் படை சீமையின் பல பகுதிகளைப் பிடித்து வைத்திருந்தது. அவருக்கு உரிய நிலங்களும் மேற்கே ரைன் நதி முதல் கிழக்கே பிரஷ்யா வரை துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன.

வலிமையற்ற நாட்டை யாரும் மதிப்பதில்லை என்பதை அவர் உணர்ந்தார். எனவே, நிலையான படையொன்றை உருவாக்க முனைந்தார். அதற்கு வரிப்பணம் தேவைப்பட்டது. 1653ஆம் ஆண்டில் நிலப்பிரபுக்கள் பணம் தர இசைந்தனர். அதற்கு ஈடாக, உழவர்கள்மீது அவர்களுக்கு இருந்த அதிகாரத்தைத் தேர்வரசர் உறுதிசெய்தார். படை வளர்ந்தது, ஆனால், அதற்கான விலையை ஏழை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தினர்.

1675ஆம் ஆண்டில் அவர் தொலைவில் போரிட்டுக்கொண்டிருந்தபோது, சுவீடன் படை பிராண்டன்பர்க்கினுள் நுழைந்தது. அவர் விரைந்து திரும்பி, ஃபேர்பெல்லின் என்னுமிடத்தில் தம் படையைவிடப் பெரிய அப்படையைத் தோற்கடித்தார். அதன்பின் மக்கள் அவரை 'மாபெரும் தேர்வரசர்' என்று போற்றினர். தொடர்ந்து போரிட்டு, பொமரேனியாவில் சுவீடனுக்கு உரிய நிலங்களையும் கைப்பற்றினார். எனினும், பிரான்ஸ் நாட்டின் நெருக்குதலால் 1679ஆம் ஆண்டில் அவற்றுள் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. நான்காண்டுப் போரில் வென்றது ஓர் உடன்படிக்கையில் கைநழுவிப் போனது.

அவருக்கு நிலைத்த பயன் தந்தது வேறொரு செயல். 1685ஆம் ஆண்டில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, தம் நாட்டின் புரோட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களான ஹியூகனாட்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். சில வாரங்களுக்குள் பிரெடரிக் வில்லியம் போட்ஸ்டாம் நகரிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். அகதிகளுக்குக் குடியிருக்க இடமும், வீடு கட்டப் பொருளும், சில ஆண்டுகளுக்கு வரிவிலக்கும் தருவதாக அதில் உறுதியளித்தார். அவர்கள் தங்கள் மொழியிலேயே வழிபடலாம் என்றும் அறிவித்தார். அவரும் அவர்களுடைய சமயப் பிரிவையே சார்ந்தவர். இரக்கம் மட்டுமன்றி, ஆளில்லாத நாட்டுக்கு ஆள் சேர்க்கும் எண்ணமும் அவ்வாணையில் இருந்தது.

ஏறக்குறைய 20,000 பேர் வந்து குடியேறினர். அவர்களுள் நெசவாளர், தொப்பி செய்வோர், கடிகாரம் செய்வோர், தோட்டக்காரர் எனப் பலர் இருந்தனர். தங்கள் பிழைப்பு கெடுமோ என்று உள்ளூர்த் தொழிலாளர் சிலர் முணுமுணுத்தனர். ஆயினும், புதிய தொழில்கள் வேரூன்றின. பாழடைந்த ஊர்களில் மீண்டும் அடுப்புகள் எரிந்தன.

அடைக்கலம் தந்த இதே ஆட்சியாளர்தாம், ஆப்பிரிக்கக் கடற்கரையில் கோட்டை அமைத்து அடிமை வணிகத்தில் ஈடுபட்ட நிறுவனத்தையும் 1682ஆம் ஆண்டில் தோற்றுவித்தார். அவரது புகழில் படிந்த அழியாத கறை அது.

1688ஆம் ஆண்டு மே மாதம் பிரெடரிக் வில்லியம் மறைந்தார். அவருடைய மகன் 1701ஆம் ஆண்டில் பிரஷ்யாவின் அரசராக முடிசூடினார். அந்த அரசு இன்று இல்லை. ஹோகன்சோலர்ன் மரபின் ஆட்சியும் 1918ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆனால், அகதிகளின் பிள்ளைகளுக்காக 1689ஆம் ஆண்டில் பெர்லினில் தொடங்கப்பட்ட பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது.