சித்தூர் நாகையா

திருப்பதியில் பயிலும் நம்மில் பலருக்குச் சித்தூர் என்பது வேலூருக்குப் போகும் வழியில் பேருந்து நின்று செல்லும் ஓர் ஊர், அவ்வளவே. அவ்வூரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கி, வாழ்நாளெல்லாம் பாடியும் நடித்தும் வந்தவர் ஒருவர் உண்டு. அவரை நம்மவர் கண்ணீர் வடிக்கும் அப்பாவாக மட்டுமே அறிந்திருப்பது எனக்கு ஒரு குறை.

நானும் அப்படித்தான் இருந்தேன். 1961-இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் சிவாஜியை வளர்க்கும் இஸ்லாமியப் பெரியவரின் குரலைக் கேட்ட நாள் முதல் அது என்னை விட்டு அகலவில்லை. அதட்டாத குரல், ஆனால் எதிரில் இருப்பவனை உட்கார வைத்துவிடும் குரல். இது எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தவன், ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்திற்கென்று போய்க்கொண்டே இருந்தேன். எம். எஸ். சுப்புலட்சுமிக்காக 1945-ஆம் ஆண்டின் ‘மீரா’வைப் பார்த்தால், அங்கே ராணாவாக நிற்பவர் அவர். பாகவதருக்காக 1941-ஆம் ஆண்டின் ‘அசோக்குமா’ரைப் பார்த்தால், அசோகச் சக்கரவர்த்தியும் அவரே!

ஆனால் உண்மையான புதையல் தெலுங்கில் இருந்தது. 1939-இல் பி. என். ரெட்டி எடுத்த ‘வந்தே மாதரம்’ படத்தில் கதாநாயகனும் நாகையா, இசையமைத்தவரும் நாகையா. ‘சுமங்கலி’, ‘சுவர்க்கசீமா’, ‘யோகி வேமனா’ என்று அவர் இசையில் பங்கு கொண்ட படங்கள் தொடர்ந்தன. நடிகர் என்று நாம் எண்ணியவர் பாடகர். பாடகர் என்று எண்ணினால் இசையமைப்பாளர். அதற்குள் அடங்குவார் என்று பார்த்தால் இயக்குநரும் தயாரிப்பாளருமாக நிற்கிறார்.

அவர் பிறந்தது சித்தூரில் அன்று. 1904-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், ரேபள்ளியில் பிறந்தார். சித்தூரில் ராமவிலாச சபையின் நாடகங்களில் பாடி நடித்ததனால்தான் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ‘சாரங்கதரா’ நாடகத்தில் சித்ராங்கி என்னும் பெண் வேடம் பூண்டு புகழ் பெற்றார். அலுவலகத்தில் எழுத்தராகவும், பத்திரிகையாளராகவும் இருந்து பார்த்தார். வீட்டில் நேர்ந்த இழப்புகளால் மனம் நொந்து, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கியதும் உண்டு. அங்கேயே இருந்துவிட்டிருந்தால்? நல்லவேளை, 1938-இல் எச். எம். ரெட்டியின் ‘கிருகலட்சுமி’ அவரைத் திரைக்கு இழுத்துக்கொண்டது.

1946-இல் வந்தது ‘தியாகய்யா’. தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு நான்கும் அவருடையவையே. திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய மகானை, சென்னையில் வாழ்ந்த தெலுங்கர் திரையில் பாடினார். அப்பாட்டில் வித்துவத்தைக் காட்டும் ஆசையே இல்லை. சங்கதிகளை எண்ணிக் கேட்கும் நண்பர்களுக்கு இது ஏமாற்றமாயிருக்கலாம். எனக்கோ, தனியறையில் ஒருவர் இராமனோடு வழக்காடுவதை ஒட்டுக்கேட்டது போலிருந்தது.

பொருள் வந்தது, வந்த வழியே போகவும் செய்தது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், சொந்தப் படங்களிலும் இழந்தார். 1953-இல் தமிழில் ‘என் வீடு’ எடுத்தார்; 1964-இல் ‘ராமதாசு’ எடுத்தார். 1965-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் பணமுடை தீரவில்லை. கதாநாயகனாய் இருந்தவர் சிறுசிறு அப்பா வேடங்களை ஏற்றது இதனால்தான். நாம் கேட்டு உருகிய அந்தத் தழுதழுத்த குரலில் நடிப்பு எவ்வளவு, வாழ்க்கை எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? 1973 டிசம்பர் 30-இல் அவர் மறைந்தார்.

சென்னைப் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை உண்டு. சித்தூரில் நாகையா கலாட்சேத்திரம் என்று ஓர் அரங்கமும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு வேலூர்ப் பேருந்தில் ஏறும் நண்பர்கள் கைப்பேசியில் ‘தியாகய்யா’ பாடல்களை வைத்துக்கொண்டு புறப்படட்டும். சித்தூர் வருவதற்குள் நாலைந்து பாட்டாவது கேட்டுவிடலாம்.