எல்லோரும் சமம்னு எழுதியவரிடமே அடிமைகள்... யார் இந்த தாமஸ் ஜெஃபர்சன்?

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியபோது தாமஸ் ஜெஃபர்சனுக்கு வயது 33. மனிதர்களில் உயர்வு தாழ்வு இல்லை, உரிமைகள் பிறப்பிலேயே வருபவை என்று பிலடெல்பியாவில் வாடகைக்கு எடுத்த அறைகளில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குப் பணிவிடை செய்தது ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைச் சிறுவன்.

வர்ஜீனியாவில் 1743-ல் பிறந்த ஜெஃபர்சன், 14 வயதில் அப்பாவை இழந்தவர். அப்பாவின் நிலமும் அடிமைகளும் பின்னர் இவர் கைக்கு வந்தன. சட்டம் படித்து வக்கீல் ஆனார். மேடைப் பேச்சு சுத்தமா வராது. ஆனா பேனாவைப் பிடித்தால் கதையே வேற. அதனால்தான் 1776 ஜூனில் அமைக்கப்பட்ட ஐவர் குழுவில் ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் பிராங்க்ளின் போன்ற சீனியர்கள் இருந்தும், வரைவு எழுதும் வேலை இவரிடம் வந்தது.

பிரகடனத்தில் அப்படி என்ன இருக்கு?

படித்துப் பார்த்தால் வக்கீல் தாக்கல் செய்த மனு மாதிரியே இருக்கும். முதலில் கொள்கை, அடுத்து 27 புகார்கள், கடைசியில் பிரிந்துபோகும் அறிவிப்பு. புகார்களில் பெரும்பாலானவை மன்னரைச் சுட்டும் 'அவர்' என்ற சொல்லில்தான் தொடங்குகின்றன. வரி போட்டது என்னவோ பிரிட்டிஷ் நாடாளுமன்றம். ஆனா கூண்டில் நிற்பது மூன்றாம் ஜார்ஜ் மன்னர். காலனிகள் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பது ஜெஃபர்சனின் வாதம். மக்களின் கோபத்துக்கு ஒரு முகமும் கிடைத்தது.

உயிர், சுதந்திரம், சொத்து என்று தத்துவவாதி ஜான் லாக் சொன்ன வரிசையில், சொத்து இருந்த இடத்துக்கு மகிழ்ச்சியைத் தேடும் உரிமை வந்தது. இது முழுக்க இவரது கண்டுபிடிப்பு இல்லை. சில வாரங்களுக்கு முன்பே வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் இதே கருத்தை நீட்டி எழுதியிருந்தார். அதைச் சுருக்கிக் கூர்மையாக்கியது ஜெஃபர்சன்.

வெட்டப்பட்ட பத்தி

அடிமை வியாபாரத்துக்கு மன்னர்தான் காரணம் என்று வரைவில் ஒரு நீண்ட பத்தி இருந்தது. அடிமைகளை வைத்திருந்தவரே இதை எழுதியது கொஞ்சம் ஓவர்தான். தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்க்க, அந்தப் பத்தி காலி. மொத்த வரைவில் கால்வாசியை காங்கிரஸ் வெட்டியது. ஜெஃபர்சனுக்கு இதில் ரொம்ப வருத்தம்.

சமத்துவ வரி மட்டும் தப்பியது. 1848-ல் செனகா ஃபால்ஸில் கூடிய பெண்கள் அதில் பெண்களையும் சேர்த்துத் தங்கள் பிரகடனத்தை எழுதினார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், 1852-ல் அந்த வரியை வைத்தே நாட்டைக் கேள்வி கேட்டார்.

3-வது ஜனாதிபதியான ஜெஃபர்சன், 1807-ல் அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆனா வாழ்நாளில் அவரிடம் இருந்த அடிமைகள் 600-க்கும் மேல். அவர்களில் ஒருவரான சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு இவரே தந்தை என்பதை 1998-ல் வெளியான டிஎன்ஏ ஆய்வுக்குப் பிறகு பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள்.

பிரகடனத்தின் 50-வது ஆண்டு நாளான 1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தார். அதே நாளில் ஆடம்ஸும் இறந்தார். உயிலில் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை. கடனை அடைக்க, 1827 ஜனவரியில் அவரது மாண்டிசெல்லோ பண்ணையில் சுமார் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். உயிலின்படி விடுதலை பெறவிருந்த கொல்லர் ஜோசப் ஃபாசெட்டின் மனைவி எடித்தும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் இருந்தார்கள்.