மணியக்காரர் கையில் போலீஸ் அதிகாரம்... கொடுத்தது யார்? தாமஸ் மன்றோவின் கதை!

அமெரிக்கப் படங்களில் நட்சத்திர பேட்ஜோடு வரும் ஷெரிஃபைப் பார்த்திருப்பீங்க. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி மக்களே ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. நம்ம கிராமங்களிலும் உள்ளூர்க்காரர் ஒருத்தரிடம் போலீஸ் அதிகாரம் இருந்தது. ஆனா ஓட்டு இல்லை, பரம்பரைப் பதவி. உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனம் போன்ற ஊர்களிலும் மணியக்காரர், முன்சீப் என்றால் பெரியவங்களுக்குத் தெரியும். அந்தப் பதவிக்குச் சட்ட பலம் கொடுத்தவர் தாமஸ் மன்றோ.

யார் இந்த மன்றோ?

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். கிழக்கிந்திய கம்பெனி படையில் சேர்ந்து 1780-ல் மெட்ராஸ் வந்தார். 1792 முதல் பாராமஹாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் வரி நிர்வாகம் பார்த்தார். ரயத்வாரி முறையோடு இவர் பெயர் சேர்ந்தது இப்படித்தான்.

1816-ல் என்ன மாறியது?

1802-ல் கொண்டுவந்த முறையில், நீதிபதிகளின் கீழ் தாரோகாக்கள் போலீஸ் வேலை பார்த்தாங்க. அது கிராமத்துக்கு ஒத்துவராது என்பது மன்றோவின் வாதம். 1814-ல் நீதித்துறை கமிஷன் தலைவராகத் திரும்பி வந்தார். 1816 சட்டங்களில் போலீஸ் அதிகாரம் கலெக்டர், தாசில்தார், கிராமத் தலைவர் கைக்கு மாறியது. தலையாரி துணையோடு திருடனைப் பிடிப்பது, 10 ரூபாய் வரையிலான வழக்கைத் தீர்ப்பது, சின்னத் தகராறுக்கு 12 மணி நேரம் வரை அடைத்து வைப்பது எல்லாம் ஊரிலேயே முடிந்தது.

சிக்கல் எங்கே?

வரி வாங்குபவரும் பிடித்து அடைப்பவரும் ஒரே ஆள். அதோடு தண்டனையிலும் சாதி பார்த்தாங்க. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டி வைக்க அதே சட்டம் இடம் கொடுத்தது.

1820-ல் மெட்ராஸ் கவர்னரான மன்றோ, 1827-ல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். வரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்தது 1855-ல் விசாரணைக் கமிஷன் அறிக்கையில் அம்பலமானது. அதன் பிறகு 1859-ல் போலீஸ் தனித் துறையானது.

இப்போ?

பரம்பரை கிராம அதிகாரிகள் பதவியை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. தேர்வு எழுதி வரும் வி.ஏ.ஓ.வால் யாரையும் அடைத்து வைக்க முடியாது. ஊரில் சந்தேக மரணம் என்றால் போலீசுக்குத் தகவல் சொல்வது அவர் கடமை. சென்னை தீவுத்திடல் அருகே குதிரை மேல் சிலையாக நிற்பவர், இந்த மன்றோதான்.