தறிக்காரர் மகன் செய்த லொறி

எங்கள் ஒழுங்கையிலே சென்ற மாதம் ஒரு சிறு வழக்கு நிகழ்ந்தது. அயல்வீட்டார் ஒரு கமக்காரர். வெங்காயமும் மிளகாயும் சந்தைக்கு ஏற்றும் பொருட்டுக் கெப் வண்டியொன்றை வாங்கி வந்தார். பழைய வண்டிதான், ஆயினும் டொயோட்டா ஹைலக்ஸ். பார்க்க வந்தவர்களுள் ஒருவர், அது யப்பானிற் செய்ததோ தாய்லாந்திற் செய்ததோ என்று கேட்டுவிட்டார். யப்பான் என்று வீட்டுக்காரர் சாதித்தார். தாய்லாந்தாகவே இருக்கும் என்று வந்தவர் மறுத்தார். தேநீர் ஆறியது, குரல்கள் ஏறின. வேலிக்கு இப்பால் நின்ற என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நாற்பது ஆண்டு சரித்திரம் படிப்பித்தவனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நழுவி வந்துவிட்டேன்.

உண்மையில் எனக்கு ஒன்று தெரியும். அந்த வண்டியின் முகப்பிலே பொறித்திருக்கும் பெயர் ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்திலே கீச்சிரோ தொயோதா என்றொருவர் இருந்தார். உள்நாட்டு வண்டி, அந்நிய வண்டி என்ற வழக்கிலேயே தம் ஆயுளைச் செலவிட்டவர் அவர். வகுப்பறையிலே அவர் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், எழுதியதில்லை. அயலவரின் வழக்கு இப்போது எழுதத் தூண்டியது.

கீச்சிரோ 1894 ஆம் ஆண்டு யூன் 11 ஆந் திகதி, இன்று சிசுவோக்கா மாகாணத்துக்குட்பட்ட ஓர் ஏழைக் கிராமத்திலே பிறந்தார். தந்தையார் சாக்கிச்சி ஒரு தச்சரின் மகன். தாய் கையால் நெய்து படும் பாட்டைக் கண்டு, நல்ல தறியொன்றைச் செய்தே தீர்வதென்று பித்துப்பிடித்துத் திரிந்தவர். வீட்டைப் பாராது தறியையே பார்த்த கணவரோடு வாழ இயலாமற்போலும், குழந்தை கைக்குழந்தையாயிருக்கையிலேயே கீச்சிரோவின் தாயார் வீட்டை விட்டு நீங்கினார். பாட்டனாரும் பாட்டியாருமே பிள்ளையை வளர்த்தனர். பின்னாளிலே அவர் அதிகம் பேசாத மனிதராயிருந்ததற்கு இவ்விளமைப் பருவமே காரணமாகலாமென்பது என் எண்ணம்.

தந்தை கல்லூரி வாயிலை மிதியாதவர். மகனோ தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்திலே இயந்திரப் பொறியியல் கற்று 1920 இல் வெளியேறினார். அடுத்த ஆண்டு தந்தையாரின் நூல் நூற்பு ஆலையிற் சேர்ந்தார். 1921 இலும் 1922 இலும் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் சுற்றிப் பார்த்தார். இங்கிலாந்திலே ஓல்டாம் நகரத்துப் பிளாட் சகோதரர் தொழிற்சாலையில், அக்காலத்து உலகத்தின் தலைசிறந்த நெசவு இயந்திரக்காரரிடத்தே, கையிற் குறிப்பேட்டுடன் நின்று கற்றார். 1924 இல் தந்தையும் மகனும் பிறரும் சேர்ந்து தானியங்கித் தறியொன்றை முடித்தனர். ஊடைநூல் தீர்ந்தால் ஓட்டம் நில்லாமலே நாடாவை அது மாற்றிக்கொள்ளும். நூல் அறுந்தாலோ தானாகவே நின்றுவிடும். 1929 இல் அதன் உரிமையை ஒரு நூறாயிரம் பவுணுக்கு வாங்கிக்கொள்ள உடன்பட்டவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? ஓல்டாம் பிளாட் சகோதரரே. மாணாக்கன் குறிப்பெடுத்த வாயிலிலேயே ஆசிரியன் விலை கேட்டு நின்ற காட்சி அது. இந்தப் பணமே மோட்டார்த் தொழிலுக்கு முதலாயிற்றென்று கதை சொல்வோர் உளர். அத்துணை நேராக எதுவும் நடப்பதில்லை. ஆனால் துணிவைத் தந்தது அதுவென்று கொள்ளலாம். சாக்கிச்சி 1930 ஒற்றோபர் மாதம் காலமானார்.

அந்நாளிலே யப்பானிய வீதிகளில் ஓடிய மோட்டார்கள் எவருடையவை? 1923 இல் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தால் தோக்கியோவின் தண்டவாளங்கள் சிதைந்தன. மக்களை ஏற்றிச் செல்லப் போர்ட் கம்பனியின் லொறிச் சட்டங்களை நகரசபை அவசரமாகத் தருவித்து, அவற்றின்மேல் பஸ் உடலைப் பொருத்தி ஓட்டிற்று. சந்தை இருக்கிறதென்று கண்டுகொண்ட போர்ட் 1925 இல் யோக்கோகாமாவிலும், ஜெனரல் மோட்டர்ஸ் 1927 இல் ஒசாக்காவிலும் பொருத்துசாலைகளைத் திறந்தன. உறுப்புகள் கப்பலில் வந்தன. யப்பானியர் கைகள் அவற்றைப் பூட்டின. அவ்வண்டி அமெரிக்க வண்டியா, யப்பானிய வண்டியா? யோக்கோகாமாத் தொழிலாளி வீட்டுக்குக் கொண்டுபோன சம்பளம் யப்பானியச் சம்பளமே. எனினும் வார்ப்பும் வரைபடமும் இலாபமும் கடலுக்கு அப்பால் இருந்தன. கீச்சிரோவை உறுத்தியது இதுதான். பூட்டத் தெரிந்தவன் செய்யத் தெரிந்தவனாக மாட்டானென்பது அவர் கட்சி.

1933 செப்ரெம்பரில், தறித் தொழிற்சாலையின் ஒரு மூலையைத் தடுத்து, மோட்டார்ப் பகுதியொன்றைத் தொடங்கினார். மைத்துனர் ரிசாபுரோ கணக்குப் பார்க்கும் மனிதர்; நெசவு இயந்திரத்தில் வரும் செல்வத்தை எண்ணெய்ப் புகையில் விடலாமோ என்று தயங்கினார். கீச்சிரோ ஒரு செவ்ரோலே வண்டியை வாங்கி ஆணி ஆணியாகக் கழற்றினார். பார்த்ததைப் போலச் செய்வது எளிதென்று எண்ணியோர் வார்ப்புக் கூடத்திலே தலைகுனிந்தனர். இயந்திரத்தின் உருளைக்கட்டையை வார்க்க வார்க்க, உள்ளே துளைகளும் வெடிப்புகளுமாக வந்தது. தறி உறுப்புகளை நூலிழை பிசகாமல் வார்த்த கைகளுக்கு இது வசப்படவில்லை. நூறு நூறாக வார்த்து, உடைத்து, மீண்டும் உருக்கினர். 1934 செப்ரெம்பரில் முதல் இயந்திரம் உருவாயிற்று. அது செவ்ரோலேயின் அமைப்பைத் தழுவியது. பின்னர் செய்த லொறியின் சட்டமோ போர்ட் வண்டியைப் பின்பற்றியது. ஊர் முழுவதும் அவ்விரண்டின் உதிரிப்பாகங்களே கிடைத்தமையால் அங்ஙனம் செய்தார். சுதேச வண்டியின் எலும்பும் இதயமும் அந்நியச் சாயலாயிருந்தமையை அவர் மறைத்தாரல்லர்.

அவர் மனம் சிறு காரிலேதான் இருந்தது. ஆயினும் அரசாங்கமும் இராணுவமும் வேண்டியது லொறி. எனவே 1935 ஓகத்தில் ஜி1 என்ற ஒன்றரைத் தொன் லொறியின் முதல் மாதிரி முடிந்தது. நவம்பரில் தோக்கியோவிலே காட்சிக்கு வைக்க நாட் குறித்தாயிற்று. கரியாவிலிருந்து தோக்கியோவுக்கு ஓட்டிச் செல்லும் வழியிலேயே ஒரு வண்டியின் சுக்கான் உறுப்பு முறிந்தது. இரவோடிரவாகச் செப்பனிட்டுக் கொண்டுபோய் நிறுத்தினர். காட்சிக்கு வந்தோர் புதுப் பூச்சைக் கண்டனர். உள்ளே கிடந்த ஒட்டுவேலையைக் கண்டாரல்லர்.

இந்த இடத்திலே சொத்தாரோ காமியா என்பவரைச் சொல்லாமற் போவது அநீதியாகும். ஜெனரல் மோட்டர்ஸின் யப்பான் கிளையிலே நல்ல சம்பளத்தில் இருந்தவர். அதை உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குக் கீச்சிரோவிடம் வந்தார். நாகோயாவிலே செவ்ரோலே விற்ற முகவரொருவரையும் இப்பக்கம் திருப்பினார். அடக்கவிலையைப் பாராமல், அமெரிக்க லொறிகளிலும் குறைவாக ஜி1 இன் விலையை வைத்தனர். அப்படியும் எல்லாருக்கும் விற்கவில்லை. பழுதானாற் கோபிக்காமற் பொறுக்கக்கூடியவர்களாகப் பார்த்து, தொழிற்சாலைக்கு அண்மையில் உள்ளவர்களுக்கே முதலில் விற்றனர். எதிர்பார்த்தபடி வண்டிகள் பழுதாயின. பின்னச்சுப் பெட்டி முறிந்தது, சுக்கான் முறிந்தது. அழைப்பு வந்த போதெல்லாம் பொறியியலாளர் ஓடினர். கீச்சிரோவே வீதியோரத்தில் வண்டிக்கடியிற் படுத்துப் பார்த்தார். செலவைக் கம்பனியே ஏற்றது. குறை கண்ட உறுப்பு அடுத்த வண்டியில் திருந்தி வந்தது. ஜி1 லொறி மொத்தம் 379 செய்யப்பட்டது.

அந்த லொறியை நான் வாங்கியிருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். விடியுமுன் மரக்கறி ஏற்றிச் செல்பவனுக்கு, நடுவழியில் நிற்கும் சுதேச வண்டியைவிட ஓடுகின்ற அந்நிய வண்டியே தெய்வம். வாங்கியவர்கள் நாட்டுப்பற்றினால் மட்டும் வாங்கியிருப்பாரென்று நான் நம்பவில்லை. விலை மலிவு, அழைத்தால் ஆள் வருவான். தேசம் என்ற சொல் அதற்குப் பிறகே வந்திருக்கும்.

ஆனால் தேசம் வேறு வழியாலும் வந்தது. 1936 மே மாதம் மோட்டார் உற்பத்திச் சட்டம் நிறைவேறிற்று. உரிமம் பெற்றவை டொயோட்டாவும் நிசானும். போர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் இரண்டின் உற்பத்திக்கும் வரம்பு கட்டப்பட்டது. 1939 அளவில் அவை தொழிலை நிறுத்திவிட்டன. கீச்சிரோவின் வெற்றியைப் பாடும் நூல்கள் பல இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றன. வலிய போட்டியாளரைக் களத்திலிருந்து அகற்றியது சட்டமேயன்றி லொறியன்று. அவர் உழைப்பு பொய்யென்று சொல்ல வரவில்லை. அது தனியே நின்று வென்றதென்பதுதான் பொய்.

அதே ஆண்டிலே வணிகக் குறிக்காகப் போட்டி வைத்தபோது இருபத்தேழாயிரம் பேர் எழுதினர். தொயோதா என்ற குடும்பப் பெயர் டொயோட்டாவாயிற்று. அவர்கள் லிபியில் எட்டே கோடுகளால் எழுதலாம், எட்டு நல்ல எண் என்பது காரணம். பழைய பெயருக்குச் செழித்த வயல் என்று பொருள். என் அயலவர் கமக்காரரென்பதை எண்ணுந்தோறும் இது எனக்கு இனிக்கிறது.

1937 ஓகத்து 28 இல் தனிக் கம்பனி அமைந்தது. 1938 இல் கொரோமோ என்னுமிடத்திலே பெருந் தொழிற்சாலை எழுந்தது. வேண்டிய உறுப்பு, வேண்டிய வேளையில், வேண்டிய அளவில் மட்டும் வந்து சேரவேண்டுமென்று அங்கே அவர் வகுத்த முறையை இன்று வணிகக் கல்லூரிகள் பாடமாக்கியிருக்கின்றன. போர் அதைச் சிதைத்தது. இவருடைய லொறிகள் சீனத்து மண்ணிலே ஆக்கிரமிப்புப் படையைச் சுமந்தன. அதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. பண்டத் தட்டுப்பாட்டால் கடைசிக் காலத்து லொறிகள் ஒற்றை முன்விளக்குடன் வெளிவந்தன. 1945 ஓகத்து 14 இல், சரணடைவதற்கு முந்திய நாளில், கொரோமோவிற் குண்டு விழுந்து தொழிற்சாலையின் காற்பங்கு அழிந்தது.

தோல்விக்குப் பின் தொழிலாளரைக் காப்பாற்ற எதைச் செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பீங்கான் செய்யலாமா, மீன்பசைப் பண்டம் செய்யலாமா என்றுகூட ஆராய்ந்தனர். மகன் சோயிச்சிரோ அதைக் கற்க வடகோடியிலுள்ள வக்கானாய் நகரத்துக்கே போனார். லொறி செய்ய அனுமதி கிடைத்தது. 1947 இல் சிறு லொறியொன்று வெளிவந்தது. இன்றைய கெப் வண்டியின் பாட்டனென்று அதனைக் கொள்வதிற் பிழையில்லை.

1949 இல் பணவீக்கத்தை அடக்க வந்த கடும் நடவடிக்கைகளால் வாங்குவோரிடம் பணமில்லாது போயிற்று. விற்ற லொறிக்கும் காசு வரவில்லை. வங்கிகள் கடன் தந்தன, ஆட்குறைப்பைக் கேட்டன. எவரையும் நீக்குவதில்லையென்று கீச்சிரோ தொழிலாளருக்கு வாக்களித்திருந்தார். 1950 சித்திரையிலே வேலைநிறுத்தம் மூண்டது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் போகவேண்டியதாயிற்று. யூன் 5 ஆந் திகதி அவரும் தலைமைப் பதவியை விட்டு விலகினார். வாக்குத் தவறியவர் தம்மையும் வெளியேறுவோர் வரிசையிலே நிறுத்திக்கொண்டார்.

இருபதே நாளிற் கொரிய யுத்தம் தொடங்கிற்று. யூலையில் அமெரிக்கப் படை ஆயிரம் லொறிகளுக்குக் கட்டளை கொடுத்தது. பின் அது 4679 ஆகப் பெருகிற்று. அமெரிக்க லொறியை வெல்லப் புறப்பட்டவரின் கம்பனியை அமெரிக்க இராணுவமே வாங்கிப் பிழைப்பித்தது. அவரோ வீட்டில் இருந்தார். புதிய தலைவர் தாய்சோ இஷிதா மீண்டும் வருமாறு அழைத்தார். வரும் முன்னரே, 1952 மார்ச் 27 இல், மூளையிற் குருதிப்பெருக்குண்டாகிக் கீச்சிரோ மறைந்தார். வயது ஐம்பத்தேழு.

மீதியைச் சுருக்கிவிடுகிறேன். ஐரோப்பியர் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு வரி போட்ட பிணக்கிலே, 1964 இல் அமெரிக்கா அந்நியச் சிறு லொறிகளுக்கு நூற்றுக்கு 25 வரி விதித்தது. குறி செருமனிய வண்டி. அடி விழுந்தது யப்பானியருக்கும். பின்பெட்டியில்லாத வெறும் வண்டிக்கு வரி குறைவாகையால், பெட்டியைக் கலிபோர்ணியாவிலே பொருத்தினர். 1980 இல் அவ்வாயிலும் அடைபட்டது. முடிவில் 1991 இல் கலிபோர்ணியாவிலும், 2006 இல் தெக்சாசு மாநிலத்துச் சான் அந்தோனியோவிலும் டொயோட்டா கெப் வண்டிகள் அமெரிக்கர் கைகளாலேயே உருவாகலாயின. அதே வேளையில் பழைய அமெரிக்கப் பெயர் தாங்கிய கெப் வண்டிகள் பல மெக்சிக்கோவிலிருந்து வருகின்றன. உள்நாட்டு வண்டியே ஏறுவேன் என்று சபதமிட்ட தெக்சாசுக் கமக்காரர் எதில் ஏறுவாரோ அறியேன். 1968 இல் யப்பானிற் பிறந்த ஹைலக்சின் பெரும்பகுதி 2004 முதல் தாய்லாந்துக்குப் போயிற்று. யப்பானியச் சந்தையிலே அவ்வாண்டு நின்ற விற்பனை 2017 இல் மீண்டும் தொடங்கியபோது, அங்கே வந்திறங்கியது தாய்லாந்திற் செய்த வண்டி.

இவ்வளவையும் ஒரு மாலை அயலவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டபின் மின்சூளை எடுத்து வந்து, இயந்திர மூடியைத் தூக்கி, தகட்டிலுள்ள சிறு எழுத்துகளை என்னை வாசிக்கச் சொன்னார். யப்பானில் ஆனது ஜே என்று தொடங்கும். இது எம், ஆர் என்று தொடங்கிற்று, தாய்லாந்து. நான் வாசித்து முடித்ததும் அவர் மூடியை மெல்ல இறக்கி, தோளிற் கிடந்த துவாயினால் அதன்மேலிருந்த தூசியைத் துடைத்தார். விடியற்காலை நாலு மணிக்குச் சந்தைக்குப் போகவேண்டும், வெங்காயம் இன்னும் ஏற்றவில்லை என்றார்.