தமிழில் வைத்தியம் கற்பித்த கிறீன்

வன்னியிற் சுகாதாரம் கற்பிப்பதிலேயே என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. என் ஆசான் யாரென்று மாணவர் வினவினால், நான் கண்ணாற் காணாத ஒருவரின் பெயரையே சொல்வது வழக்கம். அவர் வைத்திய கலாநிதி சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிற் பிறந்து, நியூயோர்க்கில் வைத்தியம் கற்ற அவர், 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தபடி மாணவருக்குப் பாடஞ் சொல்லலானார். கற்பித்த மொழி ஆங்கிலம். தேறியவர்கள் திறமைசாலிகளே, ஆயினும் நல்ல சம்பளம் எங்குண்டோ அங்கே அவர்களிற் பலர் சென்றுவிட்டனர். கிராமத்து நோயாளி பழையபடியே கிடந்தான். விடுமுறையில் தாயகஞ் சென்று 1862இல் மீண்ட கிறீன், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். தமிழிற் கற்றவன் தமிழ்க் கிராமத்திலே தங்குவான் என்பது அவர் கணக்கு. மாணவர் தொப்பியுங் காற்சட்டையும் தரித்துத் தம்மவருக்கு அந்நியராவதையும் அவர் விரும்பினாரல்லர். சமயம் பரப்ப வந்த ஒருவரிடம் இவ்வெண்ணம் இருந்தமை வியப்பே.

பாடஞ் சொல்ல நூல் வேண்டுமே! 1852இற் கற்றரின் நூலைத் தமிழாக்கி, அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என வெளியிட்டார். அங்காதிபாதம் உடலமைப்பு, சுகரணவாதம் உடற்றொழில், உற்பாலனம் நாம் இன்று சுகாதாரம் என்பது. பின்னர்ப் பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872) முதலியன வந்தன. இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயரிட்டார். அச்சொல் நிலைக்கவில்லை, உற்பாலனமும் வழக்கொழிந்தது. ஆயினும் காத்தலைக் குறிக்கும் அச்சொல்லின்மீது எனக்கு இன்றும் ஆசை உண்டு.

மானிப்பாயாருக்கும் வன்னிக்கும் என்ன உறவு என வாசகர் கேட்கலாம். அவர் வாழ்ந்த காலத்தில் வன்னிக் குளங்கள் பல உடைந்து தூர்ந்து கிடந்தன. ஊர்கள் காய்ச்சலாலும் பறங்கி நோயாலும் நலிந்தன. பறங்கி நோயைப் பற்றிக் கின்சி என்னும் வைத்திய அதிகாரி 1881இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். கெட்ட நீரும் போதாத உணவுமே காரணமென அந்நாளிற் பலர் எண்ணினர். நோய்க்கிருமியைக் காஸ்தெல்லானி கொழும்பிற் கண்டது 1905இலேதான். அறிக்கை எழுத ஆள் இருந்தார்; புண்ணைக் கழுவி மருந்திட்டு, ஏன் கழுவ வேண்டுமென்று ஊரார் மொழியிற் சொல்லி, அவ்வூரிலேயே தங்குவோர் அரியராயினர். அத்தகையோரையே கிறீன் உருவாக்க முயன்றார்.

அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர். ஆனால் 1870இற் கொழும்பில் வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தில் எழுந்தது. 1873இற் கிறீன் தாயகந் திரும்பினார். அதன்பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி வேரூன்றவில்லை. இந்த இழப்பு யாழ்ப்பாணத்தைக் காட்டிலும் வன்னிக்கே பெரிதென்பேன். ஆங்கிலம் கற்ற வைத்தியர் யாழ்ப்பாணத்திலேனும் கிடைத்தனர்.

வூஸ்ரர் சென்ற பின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்த சாரம் 1884இல் வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலே அவர் காலமானார்.