பூட்டுக்காரர் மகன் ஜார்ஜ் சைமன் ஓம்



பத்தாம் வகுப்பு அறிவியலில் ஓம் விதி வரும். மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கிடுவோம். ஆனா இந்த ஓம் கோயில்ல சொல்ற ஓம் இல்லீங்க, ஒரு மனிதரின் பெயர். அவரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான்! அவருடைய கதையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஓம் 1789 மார்ச் 16 அன்று ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாவிட்டாலும் தானாகவே கணக்கும் அறிவியலும் படித்தவர். அதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். ஓமுக்கு 10 வயதானபோது அம்மா இறந்துவிட்டார்.

கல்லூரிக்குப் போன ஓம் நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று சுற்ற ஆரம்பித்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! படிப்பை நிறுத்தி ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே 17 வயதிலேயே கணக்கு வாத்தியார் ஆனார். பிறகு ஊர் திரும்பி 1811-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-ல் கொலோன் நகரில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். அங்கே நல்ல ஆய்வகம் இருந்தது. அப்பாவிடம் கற்ற கைவேலையால் கருவிகளைத் தானே செய்துகொண்டார். ஆனால் அக்கால மின்கலத்தில் மின்னழுத்தம் நிலையாக நிற்காது. அதனால் 1825-ல் அவர் வெளியிட்ட சூத்திரம் சரியாக வரவில்லை. மனுஷன் விடவில்லை! மின்கலத்தை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்தார். ஒரு இணைப்பைக் கொதிக்கும் தண்ணீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்ப வேறுபாடு மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. பிறகு வெவ்வேறு நீளமுள்ள 8 தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி அளந்தார். நீளம் கூடக்கூட மின்னோட்டம் குறைந்தது. கணக்கு பிடிபட்டது: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை.

1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று நம்பினார், கிடைக்கவில்லை. சொந்த நாட்டிலேயே பலர் மதிக்கவில்லை. மனம் நொந்து 1828-ல் பள்ளி வேலையையும் விட்டார். 1833-ல்தான் நியூரம்பெர்க்கில் மறுபடி நல்ல வேலை கிடைத்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது. அவர் ஆசைப்பட்ட இயற்பியல் பேராசிரியர் பதவி மியூனிக்கில் கிடைத்தபோது வருஷம் 1852. இரண்டே வருஷத்தில், 1854 ஜூலை 6 அன்று காலமானார். 1881-ல் பாரிஸில் கூடிய மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே வைத்தது.

அவர் விதியை வைத்து 1845-ல் கிர்ச்சாஃப் என்ற 21 வயது மாணவர் மேலும் இரண்டு விதிகள் சொன்னார். ஒரு சந்திப்புக்கு வரும் மின்னோட்டமும் அதைவிட்டுப் போகும் மின்னோட்டமும் சமம். கட்டிங்கில் இருந்து வந்த 600 பீஸ் மூன்று லைனுக்குப் பிரிந்தாலும் மொத்தம் 600தானே, அது மாதிரி! இன்னொரு விதி, ஒரு மூடிய சுற்றைச் சுற்றி வந்தால் ஏறிய மின்னழுத்தமும் இறங்கியதும் சரிக்குச் சரியாகிவிடும்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா? இல்லை. எங்க அப்பா பனியன் கம்பெனியில் எலக்ட்ரீசியன். பவர் டேபிளுக்குப் போகும் வயரின் மின்தடை 1 ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியர் என்றால் வயரிலேயே 10 வோல்ட் போய்விடும். 230 வோல்ட் கடைசி மெஷினில் 220தான். அதனால்தான் தூரம் கூடினால் தடிமனான வயர் போடறாங்க. லூஸ் கனெக்ஷன் இன்னும் மோசம். அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்து அதே 10 ஆம்பியர் போனால் 50 வாட் சூடு! சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். பக்கத்தில் பஞ்சுத் தூசி இருந்தால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

நம்மில் பலருடைய அப்பா அம்மா அந்த மெஷின்கள் பக்கத்தில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்காங்க. எனவே நண்பர்களே, ஓம் விதியை மார்க்குக்காக மட்டும் படிக்க வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிக் கொடுங்க. சுவிட்ச் போர்டு சூடானாலோ, கருகின வாசம் வந்தாலோ உடனே மெயினை அணைத்து எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொல்லுங்க. ஓமுக்கு அவர் அப்பா வீட்டில் பாடம் சொன்னார். நாம நம்ம அப்பா அம்மாவுக்குச் சொல்லுவோமே!

இப்படிக்கு,
உங்கள் தோழி, 11-ஆம் வகுப்பு